பத்தடிக்குள்

இறக்கத்தில் அவள் பெடலை மிதிக்கவே இல்லை. சைக்கிள் தானாக உருண்டுகொண்டிருந்தது. ஒரு பக்கம் தொழிற்சாலையின் நீண்ட மதில், மறுபக்கம் விடியலுக்கு முந்தைய பனி, இரண்டுக்கும் நடுவே ஈரத் தாரின் வாடையும் மதிலுக்கு அப்பால் இரவெல்லாம் எதையோ காய்ச்சிய சுண்ணாம்பு நெடியும் கலந்து மூக்கில் ஏறின. சங்கிலியின் சத்தம் அடங்கி, பின்சக்கரத்தின் டிக் டிக் மட்டும் கேட்டது. அவள் ஹேண்டில்பாரில் இருந்த மீட்டரைப் பார்த்தாள். தூரம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். வேகம் முப்பது. இதயத் துடிப்பு நூற்று எழுபத்தெட்டு.

நூற்று எழுபத்தெட்டு என்றால் மூச்சு வாங்கியிருக்க வேண்டும், காதுக்குள் உறுமியிருக்க வேண்டும். அவள் வலக்கை விரலைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அறுபது, எழுபது இருக்கலாம். யாரோ அவசரமில்லாமல் கதவைத் தட்டுவதுபோல.

ஒரு நிமிடம் கழித்து எண் மறைந்தது. பிறகு எழுபத்திரண்டு என்று வந்தது. அவள் வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமைச் சுற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கால்வாய் ரோடு, தண்ணீர்த் தொட்டி மேடு, தொழிற்சாலை மதில், வீடு. ஆறு வருடமாக இதே வழி. ஒவ்வொரு சவாரியும் ஆப்பில் பதிவாகி, ஒரே நூலை நூறு முறை சுற்றியதுபோல வரைபடத்தில் கோடு தடித்துக் கிடந்தது. முதலில் அவள் தனியாகப் போனாள். பிறகு தம்பியை இழுத்துக்கொண்டு போனாள். நாலு மாதமாக மறுபடி தனியாகப் போகிறாள்.

"ஏன்டி இன்னும் அந்த ரோட்டுலயே போற?" என்று அம்மா கேட்டாள், கதவைத் திறந்தபடி.

"பழக்கம்மா."

"எனக்கு அந்தப் பக்கம் பஸ்ல போகக்கூட கால் வரல. உனக்கு எப்படித்தான் மனசு வருதோ."

மனசு வரவில்லை, போகவும் இல்லை. பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒன்று. அவள் ஷூவைக் கழற்றினாள். அம்மா அடுத்து என்ன கேட்பாள் என்று தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீ பாத்திருந்தா சொல்லியிருப்ப, இல்ல?"

"பாக்கலம்மா."

"அதான். நீ பாத்திருந்தா சொல்லியிருப்ப."

இரண்டு பேர் போகும்போது முன்னால் இருப்பவர் காற்றைக் கிழிப்பார். பின்னால் வருபவர் அவருடைய சக்கரத்துக்கு ஒரு முழம் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு, பாதி உழைப்பில் வரலாம். ஆனால் அவருக்கு ரோடு தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் போகிறவர் கையைப் பின்னால் நீட்டிக் காட்ட வேண்டும். விரல் இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம் குழி. உள்ளங்கையை ஆட்டினால் சரளைக்கல். முழங்கையை ஒரு வெட்டு வெட்டினால், நான் விலகுகிறேன், இனி நீ முன்னால் வா. தம்பிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

குளித்துவிட்டு வெளியே வந்து ஆப்பைத் திறந்தாள். நூற்று எழுபத்தெட்டு தொடங்கிய இடத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாள். மதிலின் மூன்றாவது விளக்குக் கம்பம். தம்பி விழுந்த குழியை மறுவாரமே தார் போட்டு மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு கருஞ்சதுரம்தான் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே, துடிப்பை அனுப்பிய நெஞ்சுப் பெல்ட்டின் பெயர் இருந்தது.

தம்பி.

கடைக்குப் போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட விளிம்பைப் பிடித்து, விரல் நுனியால் தடவித் தடவிச் சரிபார்க்க வேண்டும். அவளுடைய இடக்கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் நாலு மாதமாக மரத்துக் கிடந்தன. ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிக்கிறவர்களுக்கு வருவதுதான், ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அன்று ஒரு லென்ஸில் ரத்தம் ஓடியிருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரல் வெட்டுப்பட்டது தெரிந்தது.

மாலையில் சைக்கிள் மெக்கானிக்கிடம் மீட்டரைக் காட்டினாள்.

"உன் பெல்ட் நல்லாத்தான்மா இருக்கு. இதுல ரெண்டு பெல்ட் பதிவாகியிருக்கு, பாரு. எது பலமா கேக்குதோ அதை எடுத்துக்கும்." அவர் பெயரைப் படித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். "அவன் மீட்டர் ரிப்பேர்ல கிடந்தப்ப உன்னுது வாங்கிட்டுப் போனான்ல, அப்ப சேர்த்திருப்பான். அந்த பெல்ட் எங்க?"

"வீட்ல. ஆஸ்பத்திரியில கத்திரியால வெட்டி எடுத்தாங்க. பையோட குடுத்தாங்க."

"அப்போ அது முழிக்காது. ஈரமா நெஞ்சுல ஒட்டணும், உள்ள துடிக்கணும், அப்பதான் பேசும். அதுவும் பத்தடிக்குள்ள இருந்தாத்தான் இதுக்குக் காது கேக்கும்." சிரிக்கப் பார்த்தார். "எவனாவது உன் முதுகுக்குப் பின்னாடி ஓசிக் காத்து வாங்கிட்டு வந்திருப்பான். அந்தக் கூட்டம் இல்லாத ஊர் ஏது?"

"பின்னாடி யாரும் வரலண்ணே."

"அழிச்சிடவா?"

"அழிச்சிடுங்க."

அடுத்த சனிக்கிழமை, கருஞ்சதுரத்தின்மேல் சக்கரம் லேசாகத் துள்ளி இறங்கியதும், மீட்டர் ஒருமுறை பீப் என்றது. 'புதிய பெல்ட் கிடைத்தது. சேர்க்கவா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவள் இல்லை என்பதை அழுத்தினாள். பீப். சேர்க்கவா? இல்லை. பீப். அரை கிலோமீட்டர் கேட்டுக்கொண்டே வந்தது, பிறகு ஆம் என்பதை அழுத்தினாள். நூற்று எழுபத்தெட்டு. மதில் முடியும்வரை வந்தது. அதற்கு அடுத்த வாரம் பெட்ரோல் பங்க் வரை. அதற்கு அடுத்த வாரம் அவள் தன்னுடைய பெல்ட்டைக் கட்டாமலே போனாள். எண் தெருமுனை வரை வந்தது. வீட்டில் அந்தக் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். சிவப்புப் புழுவொன்று வாரத்துக்கு மூன்று கிலோமீட்டர் வளர்ந்துகொண்டிருந்தது. துடிப்பு மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது, ஓட்டம் முடிந்து ஆசுவாசப்படுபவனுடையதைப்போல.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு பட்டியலில் எழுதி வைத்ததைப்போலத் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்தாள். கூடத்து மேசையில் சார்ஜில் கிடந்த மீட்டரின் சின்னத் திரை இருட்டில் வெளிச்சமாக இருந்தது. நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. தூங்குகிறவனின் துடிப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் அம்மாவின் அறை, அந்தப் பக்கம் தம்பியின் அறை. இரண்டும் பத்தடிக்குள். தம்பியின் கதவு மூடியிருந்தது. அடியிலிருந்து வியர்வையில் நனைந்த துணியின் வாடை வந்தது, துவைக்காமல் பையில் கட்டி வைத்த வாடை. அவள் தண்ணீர் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

காலையில் அம்மாவின் முகம் தெளிந்திருந்தது.

"நேத்து நல்லாத் தூங்கினேன்டி. நாலு மாசத்துல முதல் தடவை. அவன் ரூம்ல ஃபேன் ஓடற சத்தம் கேட்டுச்சு, அந்தச் சத்தத்துலயே அசந்துட்டேன். நீதானே போட்ட?"

"ஆமாம்மா."

"தினம் போடு."

அது இரண்டாவது பொய். முதலாவது சொல்லி நாலு மாதம் ஆகிறது. அதற்கும் ஒரு வாரம் முன்பு தொட்டி மேட்டில் தம்பி அவளை முதல்முறையாக முந்தினான். அந்தச் சவாரிக்கு 'கிழவியை முந்திய நாள்' என்று ஆப்பில் பெயர் வைத்தான். நாற்பது பேர் அதற்குக் கைதட்டினார்கள். மறு சனிக்கிழமை முப்பது கிலோமீட்டரும் அவளுடைய முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, ஒருமுறைகூட முன்னால் வராமல், சுதி சேராத ஒரு பாட்டை முனகிக்கொண்டு வந்தான். "மிதி கிழவி. கொஞ்சம் மிதி. உனக்கு வாக்கிங் ஸ்டிக் வாங்கித் தரேன்." மதில் ஓரம், மூன்றாவது கம்பத்தடியில், அவள் குழியைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். ஒரு குலுங்கு குலுங்கட்டும், பாட்டு நிற்கும் என்று நினைத்தாள். வளைந்து விலகினாள். கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது.

பாட்டு நின்றது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்ததை அவள் கேட்டிருக்கவில்லை. அது மட்டும் உண்மை.

அந்தப் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை பனி அதிகம். கேட்டைச் சாத்துவதற்குள் மீட்டர் பீப் என்றது. சேர்க்கவா?

ஆம்.

தொண்ணூற்றிரண்டு.

கால்வாய் ரோட்டில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு முழ இடைவெளியில் இன்னொரு சக்கரத்தின் டிக் டிக் வந்தது. அவள் மிதித்தபோது அதுவும் மிதித்தது, அவள் நிறுத்தியபோது அதுவும் நின்றது. பாட்டு இல்லை. கேலி இல்லை. அவள் எல்லாவற்றையும் காட்டினாள். ஒவ்வொரு குழியையும் காட்டினாள். சின்ன வெடிப்பு, ஈர இலை, செத்த எலி, எல்லாவற்றையும் மரத்த கையைப் பின்னால் நீட்டி நீட்டிக் காட்டினாள். இவ்வளவு கவனமாக அவள் யாருக்கும் வழி காட்டியதில்லை.

தொட்டி மேட்டில் நூற்று எழுபது. அவளுக்கு மூச்சு வாங்கியது. உச்சியில், களைத்துப்போனபோது, ஆறு வருடப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே முழங்கை ஒரு வெட்டு வெட்டியது.

இனி நீ முன்னால் வா.

டிக் டிக் அவளுக்குப் பக்கத்தில் வந்தது. கடந்து போனது.

காற்று நின்றது.

நெஞ்சில் மோதிக்கொண்டிருந்த குளிர் அப்படியே அறுந்தது. படபடத்த சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டது. கால்கள் லேசாகின. முன்னால் பனியில், ஓர் ஆள் அகலத்துக்கு வழி விட்டிருந்தது. அவளுடைய விளக்கின் வெளிச்சம் அங்கே போய் விழுந்தது. ஒரு பின்சக்கரம், நனைந்து சுழன்றது. ஒரு முதுகு. அதன் குறுக்கே பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் துணி நேராக வெட்டுப்பட்டிருந்தது. ஒரு கை பின்னால் நீண்டது. பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த கையுறை, கட்டைவிரலில் கிழிசல்.

விரல் இடப்பக்கம் காட்டியது. இடப்பக்கம் குழி வந்தது.

உள்ளங்கை ஆடியது. சரளை வந்தது.

அவள் சொல்லிக்கொடுத்தபடியே. ஒன்றையும் விடாமல்.

"பாத்தேன்டா," என்றாள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "அன்னிக்கு பாத்தேன். வேணும்னுதான் காட்டல. சும்மா ஒரு குலுங்கு... அவ்வளவுதான்டா நினைச்சேன்."

முதுகு திரும்பவில்லை. விரல் வலப்பக்கம் காட்டியது. வலப்பக்கம் குழி வந்தது.

மதில் தொடங்கியது. சுண்ணாம்பு நெடி. இறக்கம். முப்பது. முப்பத்து நாலு. பின்னால், தூரத்தில், ஒரு லாரி கியர் மாற்றியது. இந்த முறை அவளுக்குக் கேட்டது.

பிரேக்கைப் பிடித்தாள். பிடித்தாளா? விரல்கள் பிரேக்மேல் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்தன. இடக்கை, வலக்கை, பத்து விரலும் மரத்திருந்தன. அழுத்துகின்றனவா, சும்மா கிடக்கின்றனவா, தெரியவில்லை.

முப்பத்தெட்டு.

முதல் கம்பம்.

மூடிவிட்டார்கள், என்று சொல்லிக்கொண்டாள். தார் போட்டு மூடிவிட்டார்கள். வாராவாரம் அதன்மேல் போகிறேன்.

இரண்டாவது கம்பம்.

மீட்டரில் எண் ஏறியது. நூற்று எழுபத்தெட்டு. அது யாருடையது என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை. காதுக்குள் உறுமியது. நாலு மாதத்தில் முதல்முறையாக, உறுமியது.

முன்னாலிருந்து, சுதி சேராமல், அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

முதுகு மெல்ல வளைந்து விலகியது. எதையோ தவிர்த்துப் போகிறவனைப்போல.

கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது.