விழுங்கிய முடி

சோற்றில் முடி கிடந்தால் யாருக்கும் குமட்டும். உம்மு குல்சும் பார்த்தபோது அது கிடந்த இடமோ மகளின் பல்லிடுக்கு. ஆறு வயது றம்ஸியா சுவரோரம் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டு, ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி, வேரை நறுக்கென்று கடித்து, எச்சில் வழிய விழுங்கிக்கொண்டிருந்தாள். முன்கடையின் கருவாட்டு நாற்றத்தையும் மீறி அவள் வாயிலிருந்து அழுகின வாடை வந்தது.

"துப்பு புள்ள! சீ, என்ன அசிங்கம் இது!"

அவள் துப்பவில்லை.

மலேரியா கண்டிப் பக்கத்தையும் விட்டுவைக்காத வருஷம் அது. மூத்தவள் ஸுலைஹா காய்ச்சலில் மவுத்தாகிப் போனபோது, சின்னவள் பயந்துவிடுவாள் என்று மையித்தை, அந்த உயிரற்ற உடலைக் காட்டாமலே அக்குறணைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவள் அக்கா எங்கே என்று கேட்டபோது, "ராத்தா மாமி வீட்டுக்குப் போயிருக்கா. நீ ஒழுங்கா சாப்பிட்டா வருவா" என்று உம்மு குல்சும் வாய்கூசாமல் சொல்லிவைத்தாள்.

அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனியன். சோறு இறங்கவில்லை. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் கல்லாக உப்பியது. இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

டிஸ்பென்சரி வைத்திருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் பொன்னுத்துரை வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பிள்ளைக்குப் பேயுமில்லை, கொழுப்புமில்லை அம்மா. பயம். தமக்கைக்கு என்ன நடந்ததெண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. மடியிலை வைச்சிருங்கோ. மொட்டை மட்டும் அடிச்சுப் போடாதேங்கோ, பயம் இன்னும் கூடும்."

தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் எப்படிச் சொல்வது? மடியில் வைத்தால் அந்த எச்சில் விரல் கழுத்தில் படும். படும்போதெல்லாம் உடம்பு கூசியது. தான் பெற்ற பிள்ளையிடமே அருவருப்பா! அஸ்தஃபிருல்லாஹ். வெட்கம் பிடுங்கித் தின்ன, கணவன் மர்சூக்கை விட்டு முடி மழிக்கும் ஒஸ்தாவைக் கூட்டிவரச் சொன்னாள். ஒஸ்தா கத்தியை எடுத்தார். பால்குடி மறக்கடிக்கத் தடவும் கசப்பான கரியபோளத்தைக் குழைத்துப் பிள்ளையின் விரல்களில் அப்பினாள். முடியே இல்லாவிட்டால் எதைத் தின்பாள்?

றம்ஸியா அழவேயில்லை. அதுதான் உம்மு குல்சுமுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அறைய, குளத்துப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் அறையே பூஞ்சணம் பிடித்ததுபோல் நாற, உம்மு குல்சும் கஞ்சிக் கோப்பையோடு வந்து நின்றாள். மகளின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

மொட்டைத் தலை. விரல்களில் கரியபோளம் பூசியபடியே காய்ந்திருந்தது. வாயில் வைக்கவேயில்லை.

"என்னத்தடி மெல்லுற?"

"நான் மெல்லல்ல உம்மா. அது மேல வருது."

உதட்டோரம் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு. ஈரம்.

உம்மு குல்சும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனியை இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. ஒரு சாண். ஒரு முழம். பிள்ளை குமட்டினாள், தொண்டை புடைத்தது. முடி ஒற்றையாக இல்லை. தடித்தது. சளி பூசி வழுக்கியது. விட்டுவிடத்தான் நினைத்தாள். விட்டால் பிள்ளை மூச்சடைத்துச் செத்துப்போவாள். இழுத்தாள்.

யா அல்லாஹ்.

பின்னல்.

வாந்தி வாடையில்லை. கற்பூர வாடை. மையித்தைக் குளிப்பாட்டிய தண்ணீரின் வாடை. அன்றைக்கு ஸுலைஹாவின் தலையை மூன்றாக வகிர்ந்து, மூன்று பின்னலாகப் பின்னிப் பிடரிக்குப் பின்னால் கிடத்தியது இந்தக் கைகள்தான். கபன் துணியால் மூடுமுன் கடைசியாகத் தடவிப் பார்த்ததும் இந்தக் கைகள்தான்.

பின்னல் முழுசாக வெளியே வந்து அவள் மடியில் கனமாக விழுந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ தோல் ஒட்டியிருந்தது.

றம்ஸியா மூச்சு வாங்கினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு.

"இன்னும் ரெண்டு ஈக்குது உம்மா" என்றாள். "அதுக்குப் பொறகு ராத்தாட தல."

வாயை அகலத் திறந்தாள்.