பெறப்பட்டது

‘நான் நான்தான்’ என்று ஒரு மனிதர் நிரூபிப்பதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் விலை ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய். ஜிஎஸ்டி உள்பட. அறுபத்து நான்கு உருப்படி மொத்தமாக எடுத்ததால் அந்த விலைக்குப் படிந்தது; சில்லறையில் வாங்கியிருந்தால் முந்நூறு கூடியிருக்கும். ஆத்துமாவைத் தராசில் வைத்தாலும் தேனி பஜாரில் ஒரு விலை சொல்ல ஆள் இருக்கும் என்பார் ஜெபஷீலாவின் அப்பா. பாத்திரக் கடைக்காரர். பஜார் சொல்லும் முன்னால் பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

பொருள் என்னவோ சின்னதுதான். தீப்பெட்டியில் பாதி. சாம்பல் நிறத்தில் ஒரு வில்லை, மேலே ஒரு துளை, துளையில் நீலக் கயிறு. சின்னக் கண்ணாடிக்குள் ஆறு இலக்கம், நிமிடத்துக்கு ஒரு தடவை மாறும். டோக்கன் என்பார்கள். தேர்வுப் பிரிவின் கணினிக்குள் போக கடவுச்சொல் மட்டும் போதாது. டோக்கனில் அந்த நிமிடம் என்ன எண் ஓடுகிறதோ அதையும் அடிக்க வேண்டும். மண்டைக்குள் இருப்பதை எவனும் கேட்டு வாங்கிவிடுவான், கழுத்தில் கிடப்பதை அப்படி வாங்க முடியாது என்பது கணக்கு. டோக்கனை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் ஜெபஷீலாவின் வேலை. தினமும் காலையில், முந்தின நாள் யார் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலைப் பார்ப்பதும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலைப் பட்டியலில் தேர்வுப் பிரிவின் கன்ட்ரோலர் மிக்கேல் சார் பெயர் இருந்தது. திங்கள் மாலை நான்கு பத்துக்கு வந்து, நான்கு இருபத்தொன்றுக்குப் போயிருந்தார்.

மிக்கேல் சாரை அடக்கம் செய்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கணினிப் பிரிவிலிருந்து செல்வமணி வந்து திரையை எட்டிப் பார்த்தான். “நல்லதுதானேக்கா. செத்த பெறவும் டூட்டிக்கு வர்றாக. சம்பளமும் கேக்க மாட்டாக, டீயும் கேக்க மாட்டாக.”

“வெளையாடாதடா. எந்த மிஷின்லருந்துன்னு பாரு.”

அவன் குனிந்து பார்த்தான். “கன்ட்ரோலர் ரூம் மிஷினு.” சொல்லிவிட்டு நிமிர்ந்தவன் சிரிக்கவில்லை. “அத நான்தான போன மாசமே கழட்டி ஸ்டோர்ல போட்டேன். அந்த ரூம்ல இப்ப மேசையும் சேரும்தான் கெடக்கு.”

“அப்ப இது?”

“ஏதாச்சும் கிறுக்குத்தனமா இருக்கும்க்கா. அவுக டோக்கன்தான் ஒங்ககிட்ட இருக்கே. ஒருக்கா எடுத்துப் பாருங்க.”

இருக்கிறது என்றாள் ஜெபஷீலா. பீரோவைத் திறக்கவில்லை.

இல்லாத சரக்கை இருப்பில் காட்டுவது கடைத்தெருவில் பழைய வேலைதான். ஆனால் அவள் காட்டியது லாபத்துக்காக அல்ல, கூச்சத்தால். அடக்கத்தன்று ராயப்பன்பட்டிக்கு அலுவலகம் சார்பில் மாலையோடு போனவள் அவள். அந்த வீட்டில் பெட்டிக்குள் மிக்கேல் சாரைக் கோட்டு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் ஜெபமாலை. அதோடு முறுக்கிச் சிக்கிக்கொண்டு நீலக் கயிறு. ஆஸ்பத்திரியில் கடைசி வரை கழற்றவில்லையாம். அவருடைய அக்கா சகாயராணி அந்தக் கயிற்றை நுனி வரை தடவிப் பார்த்தார். “உத்தரியம் இப்ப நீலத்துல குடுக்காக போல” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். மாதா பேரில் கழுத்தில் போட்டுக்கொள்ளும் உத்தரியம் என்றே நினைத்துவிட்டார். வில்லையை எடுத்து முத்தமிட்டார். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, பொத்தானைப் போட்டார். பொத்தான் மூடுவதற்குள், வில்லையில் ஆறு இலக்கமும் ஒரு தடவை மாறியதை ஜெபஷீலா பார்த்தாள்.

ஆர்.சி. வீட்டுத் துக்கத்தில் வேறு சபையான சிஎஸ்ஐக்காரி ஒருத்தி முன்னே போய், அம்மா அது உத்தரியம் இல்லை, யுனிவர்சிட்டி சொத்து, கழற்றிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பாள்? கேட்கவில்லை. பெட்டியை மூடி ஆணியடித்தார்கள்.

மறுநாள் பேரேட்டில், மிக்கேல் சார் பெயருக்கு நேராக, ‘பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தொலைந்தது என்று எழுதியிருந்தால் போலீஸ் மனு, விசாரணைக் குழு, விளக்கம் கேட்டு மெமோ. ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். நிரந்தரம் செய்யும் பட்டியல் டிசம்பரில் வருகிறது, அதில் அவள் பெயர் பதினொன்றாவது. மகள் ஓவியா பத்தாம் வகுப்பு. திருப்பூர் போன புருஷனிடமிருந்து நான்கு வருஷமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. ஒரு மெமோ போதும், பதினொரு பேர் பட்டியல் பத்துப் பேராகிவிடும்.

பேரேடு சொன்னபடி கேட்டது. கணினிதான் மசியவில்லை. டோக்கன் திரும்ப வருகிறது என்றால், கொடுப்பவர் தன் எண்ணை அடிக்க வேண்டும். அடித்த பத்து நிமிடத்துக்குள் வாங்குபவர் தன் எண்ணை அடிக்க வேண்டும். நேருக்கு நேர் கைமாறினால்தான் வரி பச்சையாகும். மிக்கேல் சாருடைய வரி மஞ்சளாகவே நின்றது. வெள்ளிக்கிழமை தணிக்கை. பேரேட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

புதன் காலை மறுபடி அவர் பெயர். அதே நான்கு பத்து. இந்தத் தடவை விவரத்தைத் திறந்து பார்த்தாள். முதலில் 609186 என்று அடித்திருந்தது, தவறு. அந்த நிமிடத்துக்குரிய சரியான எண் 981609 என்று பக்கத்திலேயே இருந்தது. அடுத்த நிமிடத்து எண்ணைச் சரியாக அடித்து உள்ளே வந்திருந்தது. தவறான எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அலுவலகம் கூட்டும் முத்துப்பேச்சி டீ கொண்டுவந்து மேசையின் அந்தப் பக்கம் நின்று, “என்ன மேடம், தொள்ளாயிரத்து எம்பத்தொண்ணு, அறுநூத்தொம்போது? லாட்டரியா?” என்றாள். ஜெபஷீலா சீட்டைத் திருப்பினாள். தலைகீழாகப் பிடித்தால் அதுதான் சரியான எண்.

கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறவருக்கு வில்லை தலைகீழாகத்தான் தெரியும். நெஞ்சில் கிடத்தி வைத்தபடியே பார்க்கிறவருக்கும்.

அதில் விளக்கு கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் எண் தெரியும். டீ ஆறிப்போகும்வரை அதையே யோசித்தாள்.

உள்ளே வந்து அவர் என்ன பார்த்தார் என்பதும் பட்டியலில் இருந்தது. மதிப்பெண் இல்லை, விடைத்தாள் இல்லை. டோக்கன் பக்கம். அதில் ஒரே ஒரு வரி, அவருடைய மஞ்சள் வரி. இரண்டு நாளும் பதினொரு நிமிடம் அதைத் திறந்து வைத்துவிட்டு, எதையும் தொடாமல் போயிருந்தார்.

மதியம் ராயப்பன்பட்டிக்குப் போன் போட்டாள். இருதயம்மாள் எடுத்தார். மிக்கேல் சாரின் வீட்டம்மா.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் கழுத்துல ஒரு நீலக் கயிறு கெடந்துச்சே, அத யாரும் பெறகு எடுத்தீங்களா?”

“எடுக்கவா? நாந்தான ஆத்தா கடசியா நெஞ்சத் தொட்டுப் பாத்தது. உள்ளதான் இருந்துச்சு. தோண்டியா பாக்கச் சொல்றீக?”

“ஐயோ, இல்லம்மா.”

“நீங்கதான ஜெபா? கடசி ரெண்டு நாளும் ஒங்க பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாக. ‘ஜெபா கையில குடுக்கணும், குடுத்தாத்தான் கணக்கு முடியும்’னு. காச்சல்ல பொலம்புறாகன்னு விட்டுட்டோம். எதையும் பாக்கி வச்சா அவுகளுக்குத் தூக்கம் வராது. ஒங்களுக்குத் தெரியாததா?”

அன்று மாலை நான்கு மணிக்கு அவள் வேண்டுமென்றே இருக்கையிலேயே இருந்தாள். அவள் அறைக்கும் கன்ட்ரோலர் அறைக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு ஒன்றுதான். மின்விசிறி சுற்றும் சத்தம், வராந்தாவில் முத்துப்பேச்சி வாளியை இழுக்கும் சத்தம், தூரத்தில் உத்தமபாளையம் பஸ்சின் ஹாரன், இவற்றுக்குக் கீழே, மேசையில் ஈ உட்காருவதுபோல் மெதுவாக, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ‘டக்’ கேட்டது. நெடிய இடைவெளி. இன்னொரு டக். மிக்கேல் சார் ஒற்றை விரலால்தான் தட்டச்சு செய்வார். ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, குட்டுவதுபோல் ஒரு தட்டு. ஆறு டக். பிறகு மௌனம். மறுபடி ஆறு.

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. மேகமலை இருந்த திசையில் வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்டதுபோல் ஒன்றும் தெரியவில்லை. சின்னமனூர் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது என்று மூன்று மணிக்கே எல்லோரும் கிளம்பினார்கள். தணிக்கைக்காக மற்ற டோக்கன்களெல்லாம் அவள் கைக்குத் திரும்பியிருந்தன; பாக்கி மிக்கேல் சாருடையதும் அவள் கழுத்தில் கிடந்ததும்தான். செல்வமணி கதவருகே நின்றான். டோக்கன் பெட்டியோடு போனதைக் காலையில்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். “வாங்கக்கா, பைக்குல எறக்கி விடுறேன்.”

“நாளைக்கு ஆடிட்டுடா. அந்த ஒரு வரிய ஏதாச்சும் பண்ணணும்.”

“அது நம்ம கையில இல்லக்கா. அவுக எண்ண அடிச்சாத்தான் பச்ச விழும். பேசாம நடந்தத எழுதிக் குடுத்துருங்க.”

“எழுதிக் குடுத்தா எம் பேரு போயிரும்.”

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. நடந்ததை எழுத அவள் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். ‘அனுப்புநர்’ என்று மட்டும் எழுதினாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

மூன்று ஐம்பதுக்குக் கரண்டு போனது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. யுபிஎஸ் நிமிடத்துக்கொரு தடவை கீச்சிட்டது. திரையின் வெளிச்சம் மட்டும் அவள் கைமேல் நீலமாக விழுந்தது. மழை நனைத்த நெல்வயல் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது, முதலில் அதுதான் என்று நினைத்தாள். ஆனால் இந்த மண் வாசனை ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை, தடுப்புக்குக் கீழே இருந்த விரல்கடை இடைவெளியிலிருந்து வந்தது, அதில் உருகிய மெழுகுவர்த்தியும், தண்ணீரில் பல நாள் கிடந்த செவ்வந்தி மாலையும் கலந்திருந்தன.

நான்கு பத்து.

டக்.

அவள் எண்ணினாள். ஆறு. இடைவெளி. ஆறு.

திரையில் மஞ்சள் வரி தானாகத் திறந்தது. ‘ஒப்படைப்பவர்: மிக்கேல். எண் சரி. பெறுபவர் உறுதி செய்க.’ கீழே கடிகாரம். பத்து நிமிடம். ஒன்பது ஐம்பத்தொன்பது. ஒன்பது ஐம்பத்தெட்டு.

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

எழுந்து ஓடலாம். கதவு நாலு எட்டுதான். ஆனால் திரை கேட்பது ஆறு இலக்கம், வேறொன்றுமில்லை. ஆறு இலக்கம் அடித்தால் வரி பச்சை. நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து பேரேட்டையும் திரையையும் ஒத்துப் பார்த்துவிட்டு ஒரு காபி குடித்துப் போய்விடுவார். டிசம்பரில் பதினொன்றாவது பெயர். மலிந்த விலைக்கு வந்த சரக்கை யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் அவள் குடும்பத்தில் யாரும் இல்லை.

ஆறு நிமிடம். கன்ட்ரோலர் அறைக் கதவு திறக்கும் சத்தம். அது பூட்டியிருந்த கதவு.

வராந்தாவில் நடை. ஈரமான நடை. ஓரிடத்திலும் அவசரமில்லை.

நான்கு நிமிடம். நடை அவள் கதவுக்கு வெளியே நின்றது. அவள் கதவைப் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தாள்.

“சார்,” என்றாள். “வச்சுட்டுப் போயிருங்க சார். நான் எடுத்துக்கிறேன்.”

யுபிஎஸ் கீச்சிட்டது.

இரண்டு நிமிடம்.

தன் கழுத்து டோக்கனைக் கையில் எடுத்தாள். திரை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு எண்ணாக அடித்தாள்.

வரி பச்சையானது.

மழை நின்றதுபோல் இருந்தது. இல்லை. காது அடைத்திருந்தது.

பிறகு பிடரியில் குளிர். ஒரு கயிற்றின் குளிர். யாரோ பின்னாலிருந்து, பரிசு மாட்டுவதுபோல், பதவிசாக, முடியை விலக்கி மாட்டினார்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். நெஞ்சில் இரண்டு வில்லை. ஒன்று அவளுடையது. இன்னொன்றில் மண். நீலக் கயிறு ஊறிக் கறுத்திருந்தது, ஜெபமாலை மணிகள் அதில் சிக்கி முறுக்கிக் கிடந்தன. மணிச்சரத்தின் மறுபாதி அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் போனது. அது தொங்கவில்லை. விறைப்பாக நின்றது. பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை.

திரையில் கடைசி வரிகள் ஒவ்வொன்றாக வந்தன.

வழங்கியவை: 64.

திரும்பியவை: 64.

நிலுவை: இல்லை.