ஒரே காலையில் குள்ளமான வண்டி

காலை ஏழு பத்து. அகரம் பெரியகருப்பன் திண்டுக்கல் பூச்சந்தையிலிருந்து மொபெட்டில் வீடு திரும்பினார். வாசலில் நின்ற தம் எஸ்.யூ.வி.யைப் பார்த்ததும் ஸ்டாண்டு போடாமலே இறங்கிவிட்டார். மொபெட் விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

வண்டி குள்ளமாகியிருந்தது.

போன மாதம் ஆசை ஆசையாக மாட்டிய நான்கு பெரிய டயர்களும் ரிம்மோடு போயிருந்தன. கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த பழைய சின்னச் சக்கரங்கள், ஒன்றும் நடக்காததுபோல, வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்நிலா வந்தபோது எட்டு மணி. அதற்குள் குற்றவாளியையே தயாராகப் பிடித்து வைத்திருந்தார் பெரியகருப்பன். டயர்க்கடை ராயப்பராஜின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்தது.

"இவன்தான் மேடம். மாட்டுனவனுக்குத்தான் கழட்டத் தெரியும். தூக்கி உள்ள வைங்க!"

ராயப்பராஜ் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. சொந்தக் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருட்டுக் கேஸ் என்று பேர் கெட்டால் அப்புறம் ஒருத்தரும் அவனிடம் வண்டியை விட மாட்டார்கள். பாவம், அழுதுவிடுவான்போல நின்றான்.

பெரியகருப்பனின் மனைவி பேச்சாயி காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். கன்னிவாடியில் தங்கை மகளுக்கு வளைகாப்பு, பட்டுப்புடவை கட்டியிருந்தார். தமிழ்நிலாவுக்கு முன்னால் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு டீ டம்ளரை வைத்தார். பிறகு தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த குவியலின் மேல் "அப்பாடா" என்று உட்கார்ந்தார்.

"கொட்டகைப் பூட்டு உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார் தமிழ்நிலா.

"திண்டுக்கல் பூட்டு மேடம், உடையுமா? சாவி எப்பவும் சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும்."

"நீங்க சந்தைக்கு இந்த வண்டியில போகலையா?"

"சந்தை பூரா சேறு. புது டயர் பாழாப் போயிருமே!"

எந்தச் சேற்றிலும் ஏறும் டயர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவரும் இவர்தான். சக்கரத்தைக் குனிந்து காட்டியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வண்டிக்குள்ள வேற எதுவும் காணோமா?"

"ஸ்பீக்கர் இருக்கு. பிள்ளையார் இருக்காரு. இவ ஏறி எறங்க ஒரு ஸ்டூலு கெடந்துச்சு, அதத்தான் காணோம். அது கெடக்கு கழுத. டயரக் கண்டுபிடிங்க."

"என்ன கலர் ஸ்டூல்?"

"நீலம்."

தமிழ்நிலா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை ஸ்டூலின் மேல் 'டக்'கென்று வைத்தார். பெரியகருப்பன் அப்போதும் பார்க்கவில்லை.

"அண்ணே, அந்தக் காலரை விடுங்க. ராயப்பராஜ் கழட்டுனது நிஜம். கழட்டச் சொன்னவங்க டயர் மேலயே உக்காந்திருக்காங்க."

எல்லாரும் திரும்பினார்கள். பேச்சாயி எழுந்தார். தார்ப்பாய் சரிந்தது. இரண்டிரண்டாக அடுக்கிய நான்கு கறுப்பு டயர்கள்.

"டயர் திருட வந்தவன் ஸ்டூலை எடுத்து எனக்கு டீ வைக்கவா போறான்?" என்றார் தமிழ்நிலா. "இந்த வண்டியில ஏற இனிமே ஸ்டூல் வேண்டாம்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்திருக்கணும்."

"நல்ல ஸ்டூலு தாயி," என்றார் பேச்சாயி. "வண்டியில வீணாக் கெடக்கணுமான்னு எடுத்தாந்தேன்."

"ஏன் புள்ள இப்படிச் செஞ்ச?" காலரை விட்டுவிட்டுக் கேட்டார் பெரியகருப்பன்.

"நத்தம் கல்யாணத்துல ஸ்டூலு சரிஞ்சு நான் கதவப் புடிச்சுத் தொங்குனேன். கூட்டமே சிரிச்சுச்சு. நீங்களும் சேந்து சிரிச்சீக. இன்னைக்கி எந்தங்கச்சி வீட்டு வாசல்லயும் தொங்கணுமா? இந்தத் தம்பி யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துச்சு. நீங்க அதோட சட்டையப் புடிச்சதும் எனக்குப் பயத்துல வாய் வரல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. மொழங்கால் வலிக்குதுன்னு எத்தன தடவ சொன்னேன்! நீங்க டயரத் தொடச்சுக்கிட்டு இருந்தீக."

பெரியகருப்பன் தலை குனிந்தார். உள்ளபடியே வெட்கமாக இருந்தது.

"இன்னொண்ணு பாக்கி," என்றார் தமிழ்நிலா. "சேத்துக்குப் பயந்தா மொபெட்டுல போனீங்க? உங்க இடுப்பு வேற கதை சொல்லுதே."

பெரியகருப்பன் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"ஒரு மாசமா ஏறி எறங்கி இடுப்பு விட்டுப்போச்சு மேடம். அம்புட்டு ஆசைப்பட்டு மாட்டிட்டு, ஏற முடியலன்னு எப்படி வெளிய சொல்ல?"

பேச்சாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமலே சிரித்தார். "அட கூறுகெட்ட மனுசா! நான் பகல்ல மொழங்காலுக்குத் தைலம் போட்டேன். நீங்க ராத்திரி இடுப்புக்குத் திருடிப் போட்டீகளா? பாட்டிலு தீந்தப்பவே நெனச்சேன்."

பெரியகருப்பன் ராயப்பராஜின் கசங்கிய காலரைத் தம் கையாலேயே நீவிவிட்டார். "மனசுல வச்சுக்காத அப்பு. கடைக்கு நானே நாலு பேர அனுப்புறேன்." புகார் வாபஸ் ஆனது.

கன்னிவாடிக்குக் கிளம்பினார்கள். பேச்சாயி யார் கையும் பிடிக்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெரியகருப்பனும் ஒரே எட்டில் ஏறினார். ஒரு மாதமாக ஏறும்போதெல்லாம் பல்லுக்குள் சொன்ன "ஐயோ அம்மா" இன்று வரவில்லை.

"தம்பி, அந்தப் பெரிய டயரையெல்லாம் வித்துக் குடுத்துரு," என்றார் ஜன்னல் வழியாக.

"ரெண்ட மட்டும் வித்தாப் போதும்," என்றார் பேச்சாயி. "மத்த ரெண்டும் தாழ்வாரத்துலயே கெடக்கட்டும். உக்காந்து வெங்காயம் உரிக்க ஒசரம் அம்சமா இருக்கு."