கடல் திறந்திருக்கும் நேரம்

காலை ஆறு மணிக்குக் கோடிக்கரையில் கடலைத் திறந்தார்கள். கரையோரம் நின்ற ஒளித்திரை அணைந்ததும், அதுவரை ஊமையாய் அசைந்துகொண்டிருந்த அலைகளுக்குச் சத்தம் வந்தது. வரிசையில் நின்ற யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் நடப்பதுதானே.

மனிதர்களை அப்புறப்படுத்திய நூறாண்டுகளில் கரை நன்றாகத் தேறிவிட்டது. மணலெங்கும் அடப்பங்கொடி ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. ஆழமில்லாத நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. முன்னோர் வழக்கம் எதையாவது நிறைவேற்ற வருகிறவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை, அனுமதி உண்டு. பிசகில்லாமல் செய்கிறார்களா என்று பார்க்க மரபுக்காவலன் என்ற இயந்திரம் தண்ணீருக்கு முன்னால் நின்றது. இருபத்தோராம் நூற்றாண்டு ஆட்கள் எடுத்துத் தள்ளிய காணொளிகள் அத்தனையும் அதன் மூளையில் இருந்தன.

செங்கமலம் தன் கணவன் அம்பலவாணனின் அஸ்தியை மண் கலயத்தில் கொண்டுவந்திருந்தாள். துணைக்குக் கொழுந்தன் தியாகு. அம்பலவாணன் கடலுக்குள் மூழ்கி பிளாஸ்டிக் குப்பை அள்ளும் வேலை பார்த்தவன். அந்த வேலையே அவன் நுரையீரலைத் தின்றது. “நான் சுத்தம் பண்ணுன கடல்லயே என்னையக் கரைச்சுடு” என்பதுதான் கடைசியாக அவன் கேட்டது.

கணவனை இழந்த மனைவிக்கு அரசாங்கம் பொருத்தும் துயரடக்கி அவள் காதுக்குப் பின்னால் வேலை செய்துகொண்டிருந்தது. அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை.

“வழக்கம் முழுமையாக இல்லை,” என்றது மரபுக்காவலன். “பிளாஸ்டிக் பை எங்கே?”

“பையா? எதுக்குங்க?” என்றாள் செங்கமலம்.

“கலயம் பையில்தான் வர வேண்டும். அஸ்தியைக் கரைத்ததும் பையைக் கடலில் விட வேண்டும். காணொளிகளில் அநேகமாக எல்லோரும் தவறாமல் செய்திருக்கிறார்கள். மிகுந்த பக்தி.”

“அது பக்தி இல்லப்பா, சோம்பேறித்தனம்,” என்றான் தியாகு.

“என்னிடம் லட்சக்கணக்கில் சான்று இருக்கிறது. உங்களிடம்?”

இயந்திரம் தன் வயிற்றைத் திறந்து, ஏதோ ஜவுளிக்கடையின் பெயர் போட்ட மெல்லிய பை ஒன்றை நீட்டியது. “இல்லாதவர்களுக்கு நாங்களே தருகிறோம். பழைய முறைப்படி செய்தது.”

தியாகு அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணி, ஊர் ஒலகத்துல பிளாஸ்டிக்க நிறுத்தி எத்தன காலமாச்சு! அப்புறமும் அள்ள அள்ள வருதேன்னு அண்ணன் பொலம்பிக்கிட்டே இருக்குமே... அது அள்ளுனது இதத்தான் அண்ணி!” அவனுக்குத் துயரடக்கி கிடையாது. குரல் உடைந்துவிட்டது.

செங்கமலத்துக்குப் புரிந்தது. கோபப்பட வேண்டிய இடம் இது என்றும் தெரிந்தது. கோபத்துக்காகச் சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள்.

“சீக்கிரம் ஆகட்டும்மா, கடல மூடிருவாங்க,” என்றார் பின்னால் நின்றவர்.

“குடுங்க,” என்று பையை வாங்கிக்கொண்டாள்.

இடுப்பளவு நீரில் நின்று அஸ்தியைக் கரைத்தாள். சாம்பல் சற்று நேரம் கலங்கலாய்த் தெரிந்து, பிறகு கடலாகிவிட்டது. பையையும் விட்டாள். அது காற்றை வாங்கி உப்பி, பூநாரைகள் நின்ற பக்கமாக மிதந்து போனது.

“வழக்கம் நிறைவேறியது,” என்றது மரபுக்காவலன். “இனி முன்னோர் முறைப்படி, திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போங்கள்.”

செங்கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் பைக்காகக் கையை நீட்டினார்.