வரலாறு காணாத கூட்டம்

மறைந்த தலைவரின் மாளிகையை நாட்டுத் தலைவர்களுக்கான அருங்காட்சியகமாகவும் நூலகமாகவும் மாற்றும் வேலை முடியும் தறுவாயில்தான் ஒலிப்பதிவுக்காரனைக் கூப்பிட்டார்கள். தொழிலில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். பேச்சின் நடுவே வரும் இருமலையும் தும்மலையும் வெட்டி எடுத்தால், வெட்டிய இடம் எதுவென்று அவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. அருங்காட்சியகத் துறையில் ஆறு வருஷமாகத் தற்காலிக வேலைதான். இந்தப் பணியைச் சரியாக முடித்தால் நிரந்தரம் என்று துறை இயக்குநர் அம்மாள் சொல்லியிருந்தார்.

கீழே ஒவ்வொரு தலைவருக்கும் ஓர் அறை, மாடி முழுக்கப் புத்தகங்கள். கத்திரிக்குக் கிடைத்தது தலைவர் துணிமணி வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. சுவர் நெடுக அவருடைய கோட்டுகள் தொங்கின. பாச்சை உருண்டை நெடி கண்ணைக் கரித்தது.

"துணி சத்தத்தைக் குடிச்சிடும். உங்களுக்கு வசதிதானே?" என்றார் அம்மாள்.

சுத்தம் செய்ய வேண்டியது தலைவரின் கடைசி மைதானப் பேச்சு. அன்றைக்குத் தடுப்புச் சரிந்து ஆட்கள் மிதிபட்டுச் செத்தது பழைய ஆட்களுக்குத் தெரியும். கூடத்தில் மாட்டத் தயாராக இருந்த பலகையிலோ 'வரலாறு காணாத கூட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களே என்று கத்திரி சிரித்துக்கொண்டான். அந்தச் சோற்றை அள்ளிப் போடப் போவது தான்தான் என்று அப்போது தெரியாது.

பேச்சின் பாதியில் தலைவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அந்த இடைவெளியில், மைக்குக்கு வெகு அருகில், ஒரு பெண்ணின் குரல்.

"பாப்பா, கையை விடாதடி... கையை விடாத... பாப்பா? பாப்பா!"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பேச ஆரம்பித்தார்.

கத்திரி டேப்பை நிறுத்தினான். அவன் வீட்டிலும் ஒரு பாப்பா உண்டு. நாலு வயது. பிறந்த நாளிலிருந்து யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இயக்குநர் அம்மாள் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "இதைக் கேக்கவா ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க? எடுத்துடுங்க. பழைய டேப்பையும் அழிச்சிடுங்க. நாளைக்கு எவனாவது தோண்டிக்கிட்டு வருவான்."

"மேடம், அது ஒரு தாயோட..."

"உங்க ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு."

அவன் அறைக்குத் திரும்பினான். வெட்டினான். வெட்டிய இடம் மொட்டையாகத் தெரிந்ததால், அதே பேச்சில் வேறோர் இடத்திலிருந்து கைத்தட்டலை எடுத்து அதன்மேல் போர்த்தினான். பிறகு பழைய டேப்பையும் தன் கையாலேயே அழித்தான். பாவி, இதைச் செய்தது நீதான் என்று மனம் இடித்துக்கொண்டே இருந்தது. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஓட்டிக் கேட்டான். தலைவர் நிறுத்தினார். கைத்தட்டல் எழுந்து அடங்கியது. பேச்சு தொடர்ந்தது. அப்பழுக்கில்லாத வேலை. இயந்திரத்தை அணைத்து ஹெட்போனைக் கழற்றினான்.

"பாப்பா..."

இயந்திரம் நின்றுதான் இருந்தது.

குரல் கோட்டுகளின் பக்கமிருந்து வந்தது. பாச்சை உருண்டை நெடி எங்கோ போய், மிதிபட்ட புல்லும் புழுதியும் வியர்வையும் கலந்த வாடை அறையை அடைத்தது. கோடியில் தொங்கிய கோட்டு அசைந்தது. அடுத்தது அசைந்தது. அதற்கடுத்தது. யாரோ நெரிசலுக்குள் ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பாத்தீங்களா? என் பாப்பாவைப் பாத்தீங்களா?"

ஒவ்வொரு கோட்டிடமும் அதே கேள்வி.

கடைசிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான்.

கதவை எப்படித் திறந்தான், எப்படி வெளியே வந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. தாழ்வாரத்து வெயிலில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. டேப்பில் இருந்தவரை அவளுக்கு இருக்க ஓர் இடமாவது இருந்தது. அதையும் அவன் பிடுங்கிவிட்டான்.

நேரே இயக்குநர் அம்மாளிடம் ஓடினான்.

"மேடம், அந்தக் குரலைத் திரும்ப வெச்சிடறேன்."

"எங்கேருந்து எடுத்து வைப்பீங்க? அழிச்சது நீங்கதானே?" அவர் தாளைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். "இந்தாங்க, நிரந்தரம். திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோட வாங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஆனாலும் கத்திரி அந்த உத்தரவை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திறப்பு விழா காலையில். மனைவிக்கு ஒரே பெருமை, பார்க்கிறவர்களிடமெல்லாம் "இவர் பண்ணதுதான்" என்றாள். கூடத்தில் எள் விழ இடமில்லை. கத்திரி ஒரு பக்கம் தள்ளப்பட, மனைவியும் மகளும் இன்னொரு பக்கம் தள்ளப்பட்டார்கள். ஒலிபெருக்கியில் தலைவர் பேசினார். தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

கைத்தட்டல்.

கூடத்தில் இருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். பின்னால் நின்றவர்கள் எட்டிப்பார்க்க நெருக்க, முன்னால் நின்றவர்கள் தடுமாறினார்கள். அந்த ஆரவாரத்துக்கு அடியில், கூடத்தின் மறுகோடியிலிருந்து, மெல்லியதாக ஒரு குரல்.

"பாப்பா..."

கத்திரி திரும்பினான். தன் மகளைத்தான் மனைவி தேடுகிறாள் என்று நினைத்துக் கையைக் கீழே நீட்டித் துழாவினான். ஒரு பிஞ்சுக் கை வந்து அவன் விரலைப் பற்றியது.

"விடாதே, அப்பா இருக்கேன்."

தோளால் இடித்து வழி உண்டாக்கிக்கொண்டு, இழுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டிப் படியிறங்கி மூச்சு வாங்க நின்றான்.

எதிரே மரத்தடியில் மனைவி. அவள் இடுப்பில் மகள்.

"ஏங்க இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வர்றீங்க? கூட்டம் இவளுக்கு ஆகாதுன்னு நாங்க அப்பவே வந்துட்டோமே!"

கத்திரி குனிந்து பார்த்தான். அருகில் யாரும் இல்லை.

பிடி மட்டும் இருந்தது.

ஐந்து சின்ன விரல்கள், சுடச்சுட, புழுதி நறநறக்க, அவன் ஆள்காட்டி விரலைச் சுற்றி. உதறிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். நினைக்கவே கூசியது. அன்றைக்குக் கையை விலக்கியது நெரிசல். இன்றைக்கு விட்டால் விட்டது அவன்தான்.

மகள் இறங்கி அவனிடம் ஓடி வந்தாள். எப்போதும் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வாள். பாதி வழியில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அந்தக் கை வேணாம்ப்பா. அதுல வேற பாப்பா இருக்கா."

அவன் மண்டியிட்டான். "என்னடா சொல்ற?" என்று கேட்டான்.

"அவ அழறாப்பா. அவங்க அம்மா உள்ளேருந்து கூப்பிடறாங்களாம். இவளுக்குச் சரியாக் கேக்கலையாம்."

"ஏன் கேக்கல?"

"எல்லாரும் கை தட்டுறாங்களாம்."

மாளிகைக்குள் பேச்சு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. இனி தினமும், கதவு திறந்திருக்கும் வரை, அது ஓடிக்கொண்டே இருக்கும். கத்திரி ஒவ்வொரு சொல்லாக எண்ணிக் காத்திருந்தான். தலைவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அவன் போர்த்திய கைத்தட்டல் எழுந்தது. அவன் விரலைப் பற்றியிருந்த பிடி இறுகியது.