அப்பா ஓடுகிறார், தமால் துரத்துகிறது

என் அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. வெராக்ருஸ் துறைமுகத்தில் டாக்சி ஓட்டுகிறார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் தொப்பை ஸ்டீயரிங்கைத் தொடும். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "நான் டிரையத்லான் போறேன்" என்றார்.

"அது எங்க இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

அது ஊர் இல்லை, போட்டி. முதலில் கடலில் நீந்த வேண்டும். ஈரம் காய்வதற்குள் சைக்கிளில் ஏறி ஊர் ஊராகப் போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் கடற்கரைச் சாலையில் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், மாலை ஐந்து மணிச் சங்கு ஊதுவதற்குள். அப்பாவுக்கோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விடுதி இருக்கிறது. மலை ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கூட்டி வருபவர்கள் காசு கொடுக்காமல் தங்குவதற்கு அது ஒன்றுதான் இடம். ஜனவரியில் அடித்த வடகாற்று அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து எல்லாரும் நடைபாதையில் அட்டை விரித்துப் படுக்கிறார்கள். அவர்களைத் தினமும் அங்கே இறக்கிவிடுவது அப்பாதான்.

"இறக்கிவிட்டுட்டு வண்டியை எடுக்கவே மனசு வரமாட்டேங்குது" என்பார். மழைக்காலம் வருவதற்குள் கூரை போட்டாக வேண்டும்.

போட்டியில் ஓடுகிறேன், கூரைக்கு ஏதாவது கொடுங்கள் என்று தெருவில் வாசல் வாசலாகப் போய்க் கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் சும்மா கொடுத்துவிடுவார்களா? இரும்புக்கடை தோன் ஃபீதெல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ குண்டா, நீ மட்டும் கடைசிக் கோட்டைத் தாண்டு. கூரைக்கு வேண்டிய தகரம் பூரா என் கடையிலேருந்து சும்மா தர்றேன். தாண்டலைன்னா ஒரு ஆணிகூடக் கிடையாது!"

மற்றவர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். அப்பா தாண்டினால் கூரை. தாண்டாவிட்டால் வெறும் வானம்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. கூடத்தில் குறுக்கே பந்தய சைக்கிள். என் நாற்காலியில் ஈர நீச்சல் உடை. மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில்தான் என் உயிர் போகும். அப்பா ஓடுவார், நான் தண்ணீர் பாட்டிலோடு என் சைக்கிளில் பின்னாலேயே போக வேண்டும்.

எங்கே ஓடினார்? ஓடினால்தானே!

முதல் திருப்பத்திலேயே தோன்யா காந்தேயின் வீடு. அவர் தமால் விற்பவர். சோளமாவுக்குள் கோழிக்கறி வைத்து, வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைப்பார். வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.

"ஒக்தாவியோ! வெறும் வயித்தோடயா ஓடுற? நில்லு, ரெண்டு தமால் சாப்பிட்டுட்டுப் போ."

"வேணாம் தோன்யா காந்தே, ஓடணும்."

"என் கையால செஞ்சது உனக்கு வேணாமா?"

எங்கள் ஊரில் இப்படிக் கேட்ட பிறகு இன்னொரு 'வேணாம்' சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்பா நின்றார், சாப்பிட்டார். அடுத்த வாசலில் பொரித்த வாழைப்பழம். அதற்கும் அடுத்த வாசலில் பீன்ஸ் அடைத்த சோள அடை. கடற்கரைச் சாலைக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, இது ஓட்டமா விருந்தா?"

"அவங்க மனசு நோகும் அசுசேனா."

"உன் வயிறு நோகுதே, அது பரவாயில்லையா?"

வாராவாரம் இதே கூத்து. ஏப்ரலில் ஒத்திகைப் போட்டி வந்தது. அன்று காலையிலும் தெருவே வாசலில் நின்று ஊட்டி அனுப்பியது. அப்பா பாதி வழியில் வாந்தியெடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"குண்டா, தகரத்தை வேற யாருக்காவது வித்துடட்டுமா?" என்று கடை வாசலிலிருந்து கத்தினார் தோன் ஃபீதெல்.

அன்று மாலை அப்பாவின் டாக்சியில் ஆஸ்பத்திரிப் பக்கம் போனோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நடைபாதையில் ஒரு அம்மா, தூங்கும் குழந்தைக்கு மேல் அட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

நேரே தோன்யா காந்தேயிடம் போனேன்.

"தயவுசெஞ்சு இனிமே அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்காதீங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏன், என் தமாலுக்கு என்ன கேடு? இந்தத் துறைமுகமே இதைத் தின்னுதான் வளர்ந்துச்சு. உங்கப்பனுக்கு மட்டும் ஆகலையோ? சரி தாயே. கூரைக்குத் தர்றேன்னு சொன்னேன் பாரு, அதையும் மறந்துடு!"

போச்சு! விஷயம் கேள்விப்பட்டு அப்பா ஓடிப்போய் அவரைச் சமாதானம் செய்தார். எப்படி? அங்கேயே நின்று மூன்று தமால் தின்று! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் அப்போது ஒன்றைக் கவனித்தேன். அப்பா தின்று முடிக்கும் வரை தோன்யா காந்தே காத்திருக்கவில்லை. அப்பா கை நீட்டி வாங்கியதுமே அவர் சிரித்துவிட்டார். அப்படியென்றால் யாராவது வாங்கிக்கொண்டால் போதுமே!

அடுத்த சனிக்கிழமை என் சைக்கிளின் பின்னால் ஒரு தக்காளிப் பெட்டியைக் கட்டினேன். உள்ளே சுத்தமான துணி விரித்தேன்.

"அப்பா, நீ எங்கேயும் நிக்காத. யாரையும் பாக்காத. ஓடு."

"ஒக்தாவியோ!" என்று ஆரம்பித்தார் தோன்யா காந்தே.

"அவரு நிக்க மாட்டாரு! என்கிட்ட கட்டிக் கொடுங்க!" என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஏழெட்டுத் தமால் கிடைத்தது. ஒவ்வொரு வாசலிலும் இப்படியே வாங்கினேன். பெட்டி நிரம்பியதும் ஆஸ்பத்திரி நடைபாதைக்குச் சைக்கிளைத் திருப்பினேன். கண்மூடித் திறப்பதற்குள் பெட்டி காலி.

இரண்டு நாள் கழித்துத் தோன்யா காந்தே என்னை வழிமறித்தார். "எப்படி இருந்துச்சுன்னு சொன்னான் உங்கப்பன்?"

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை.

"அப்பா ஒண்ணுகூடச் சாப்பிடலை. ஆஸ்பத்திரி நடைபாதையில இருக்கறவங்களுக்குக் கொடுத்துட்டேன். ஒரு அம்மா முந்தின நாள்லேருந்து வெறும் பிஸ்கட்டுதான் சாப்பிட்டாங்களாம். வாழையிலையைக்கூட வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாங்க."

தோன்யா காந்தே இடுப்பில் கையை வைத்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எல்லாருக்கும் பத்துச்சா?"

"பத்தலை."

"அதை இப்பவா சொல்லுவ, மக்குப் பொண்ணே!"

அந்த வாரம் ஒரு பானை நிறையத் தமால் வந்தது. அதைப் பார்த்து மற்ற வாசல்களும் போட்டி போட்டன. பெட்டி கனம் தாங்காமல் மேட்டில் இறங்கித் தள்ளினேன். அப்பாவோ காலி வயிற்றோடு ஜம்மென்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வா அசுசேனா! ஆறிடப் போகுது!"

"போட்டி உனக்கா எனக்கா?" என்று கத்தினேன்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், வழியெல்லாம் அந்த வாசனை மூக்கைத் துளைக்கும். எடுக்க மனசு வராது. அங்கே ஒருவருக்குக் குறைந்துவிடுமே! வீட்டுக்கு வந்தால் ஓட்ஸ் கஞ்சி.

மே மாதம் போட்டி வந்தது. அப்பா கடலிலிருந்து கிட்டத்தட்டக் கடைசி ஆளாக எழுந்து வந்தார். சைக்கிளில் கொஞ்சம் பேரைப் பிடித்தார். ஓட்டத்தின் கடைசித் திருப்பத்தில் அவர் தலை தெரிந்தபோது, ஐந்து மணி ஆகப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெரு முழுக்க சாலையோரத்தில் நின்று கத்தியது.

கூட்டத்துக்கு முன்னால் தோன்யா காந்தே. கையில் ஆவி பறக்க ஒரு தமால்!

அப்பா அதைப் பார்த்தார். பழக்க தோஷம், நின்றேவிட்டார்!

"அப்பா, நிக்காத!" என்று அலறினேன்.

"ஓடுடா குண்டா, ஓடு!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது தோன் ஃபீதெல்.

அப்பா கையை நீட்டினார். தோன்யா காந்தே வெடுக்கென்று தமாலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு யாருடா கொடுத்தா? ஓடு!"

அப்பா ஓடினார். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. கோட்டைத் தாண்டியதும் மல்லாந்து விழுந்தார். அதற்கப்புறம்தான் சங்கு ஊதியது.

தோன் ஃபீதெல் தொப்பியைத் தூக்கி எறிந்தார். "நாளைக்குக் காலையில தகரம் வந்துடும்! ஏணி வச்சிருக்கறவன் எல்லாம் வந்து சேருங்கடா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேர்வை என்றார்.

"அப்ப அந்தத் தமால் யாருக்கு?" என்று படுத்தபடியே கேட்டார் அப்பா.

தோன்யா காந்தே அதை என் கையில் வைத்தார். "சுமந்தவளுக்கு. ஒண்ணுகூட எடுத்துக்க மாட்டேன்னுட்டாளாம், ஆஸ்பத்திரி நடைபாதையில சொன்னாங்க."

இலையைப் பிரித்தேன். இன்னும் சூடாக இருந்தது.

"ஒரே ஒரு வாய் கொடும்மா" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா, உன் வயித்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, முழுவதையும் நானே தின்றேன்.