இருபத்தைந்துக்குக் கீழே தெரிந்தால்

“அட்டை இருக்கா?”

எய்லிக்கு முதலில் புரியவில்லை. தினமும் இருபது தடவை அவள் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி அது. அவளிடம் யாரும் கேட்டு ஆறேழு வருடம் இருக்கும்.

“எந்த அட்டை?”

“வயசுக்கு. பார்க்க இருபத்தஞ்சுக்குக் கீழே தெரிஞ்சா கேட்கணும். சட்டம் அப்படி.”

சூப்பர் மார்க்கெட்டின் கல்லாப் பெண் கூப்பிட, எங்கிருந்தோ வந்து நின்றவன் அவன். சட்டையில் குத்தியிருந்த வில்லையில் ‘ரூரி, மதுப் பிரிவு’ என்று இருந்தது. அவளுடைய தள்ளுவண்டியில் பன்னிரண்டு வோட்கா பாட்டில்கள். கண்ணாடிக்கு வெளியே மார்ச் மாத மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது.

“எனக்கு இருபத்தெட்டு.”

“இருக்கலாம்...” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கடமைக்குத்தான் பார்த்தான். ஆனால் கண்களுக்கு வந்ததும் தேவைக்கு மேல் ஒரு நொடி நின்றுவிட்டான். “பார்த்தா தெரியலையே.”

அவனுடைய காது மடல்கள் சிவந்தன. அவளுக்கும் சூடாக என்னவோ கழுத்தில் ஏறியது... அது கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டாள்.

அட்டை இரண்டு மைல் தள்ளி, அவளுடைய கடை மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதைச் சொல்லலாம். ஆனால் கடை என்று சொன்னால், கடைக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொல்ல நாக்கூசுகிற கேள்வி அது. மொத்த விற்பனைக் கடையில் பதினொன்றரை பவுண்டுக்கு அவள் வாங்கும் பாட்டில் இங்கே பத்துக்கு விற்கிறது. போட்டிக் கடையில் வாங்கித் தன் அலமாரியை நிரப்ப வந்தவள் அவள்.

தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

பிட்காரன் சின்ன ஊர். மேல்தெருவில் முன்பு பன்னிரண்டு கடைகள் இருந்தன. வட்டச்சாலைக்கு அருகே சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று லாரிமர் கடை. ரொட்டி, பால், பத்திரிகை, பின்சுவர் முழுக்க மது. ரொட்டியும் பாலும் கடைக்கு ஆள் கொண்டுவரும். கடையைத் தாங்கி நிற்பது பின்சுவர்தான். அதற்கான உரிமம் அப்பா டூகல் பெயரில் முப்பது வருடமாக இருக்கிறது. இடுப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டு அவர் முக்காலியில் உட்கார்ந்திருக்க, எல்லாம் எய்லி.

“வெறுங்கையோட வர்றே. தீர்ந்துபோச்சா?”

“இல்லப்பா. என்னைப் பார்த்தா சின்னப் பொண்ணு மாதிரி இருக்காம். தரமாட்டேன்னுட்டான்.”

அப்பா முக்காலி ஆட ஆடச் சிரித்தார். “உனக்கா? நம்ம ஊர்ல பாதிப் பேரை அட்டை இல்லேன்னு திருப்பி அனுப்பினவளுக்கா? யாரம்மா அந்த மகராசன்?”

அடுத்த வியாழக்கிழமை அந்த மகராசன் மணி அடிக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கல்லாவுக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்ததும் கால் நின்றது.

“ஓ...” என்றான். “பன்னிரண்டு பாட்டில்.”

“ஆமா. என்ன வேணும்?”

அவன் சுற்றிப் பார்த்து, உள்ளூர்த் தோட்டத்துச் சைடர் குடுவை ஒன்றை எடுத்து வந்து வைத்தான். இரண்டு லிட்டர். ஹெக்டர் என்ற கிழவர் தன் தோட்டத்து ஆப்பிள்களிலிருந்து மதுவாக வடித்து, குடுவையின் கழுத்தில் தன் கையாலேயே எழுதிய சீட்டுக் கட்டி அனுப்புவது.

எய்லி குடுவையைத் தொடவில்லை. கையை நீட்டினாள்.

“அட்டை இருக்கா?”

“எனக்கு முப்பத்தொண்ணு.”

“இருக்கலாம். பார்த்தா தெரியலையே.”

அவன் சிரித்துவிட்டான். சட்டைப்பையிலிருந்து ஓட்டுநர் அட்டையை எடுத்துக் கொடுத்தான். அவள் படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சாம்பல் நிறக் கண்கள்... மழைக்கு முன் டே என்கிற ஆறு இருக்குமே, அந்த நிறம்.

“படத்துல இருக்கிறது உங்க தம்பியா?”

“முடி வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்தது.”

“யாரு வெட்டினது, எதிரியா?”

முக்காலியிலிருந்து அப்பா இருமினார். அது இருமல் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அதன்பின் ஒவ்வொரு வியாழனும் வந்தான். ஒவ்வொரு வியாழனும் அவள் அட்டை கேட்டாள். அவன் வாசலிலேயே அதை எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினான். எய்லிக்கு ஆண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேச வராது. பார்வை தானாகவே தரைக்குப் போய்விடும். ஆனால் வயதைச் சரிபார்க்க முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும்... சட்டமே சொல்கிறது. வாரத்தில் அரை நிமிடம், சட்டப்படி, அவள் அவனைப் பார்த்தாள்.

“மே ஒண்ணாந்தேதி வருதே,” என்றான் ஒருநாள். “கணக்குப் போட்டாச்சா?”

நாடே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. மே முதல் நாளிலிருந்து மதுவுக்குக் குறைந்தபட்ச விலை. லிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, வந்ததை ஐம்பது பென்ஸால், அதாவது அரைப் பவுண்டால், பெருக்கினால் விலை. அதற்குக் கீழே யாரும் விற்கக்கூடாது, பெரிய கடையானாலும் சரி, மூலைக் கடையானாலும் சரி. பத்து பவுண்டு வோட்கா இனி எங்கும் கிடையாது. அந்தச் செய்தி வந்த இரவு எய்லி வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

“போட்டுக்கிட்டே இருக்கேன். நூத்தி நாற்பது சரக்கு.”

“எங்களுக்குத் தொள்ளாயிரம். கனவுல கூடப் பெருக்கல்தான்.”

“பாவம். எங்களை மூட வைக்கணும்னா இனி வேற வழி பார்க்கணும் நீங்க.”

“நான் மூட வைக்கலையே... வாரா வாரம் வாங்கிட்டுல்ல போறேன்.”

ஏப்ரல் நடுவில் அது நடந்தது. அட்டையை எடுக்கும்போது அவன் பையிலிருந்து நான்காய் மடித்த தாள் ஒன்று மேஜையில் விழுந்தது. மேல் வரி மட்டும் கண்ணில் பட்டது. ‘போட்டிக் கடை விலைப் பட்டியல். வாரந்தோறும். கடை: லாரிமர், மேல்தெரு.’

அவள் அதைக் கையில் எடுத்தாள்.

“இதுக்குத்தான் வியாழக்கிழமையா?”

“எய்லி, அது மேனேஜர் குடுத்தது. நான் அதுல...”

“எங்க விலையை எழுதிக் குடுக்கத்தான் வந்தீங்க. ஒரு குடுவை சைடர் சும்மா சாக்கு.”

“படிச்சுப் பாரு. மேல மட்டும் பார்க்காதே.”

அவள் பார்க்கவில்லை. தாளைக் கசக்கி உருண்டையாக்கினாள். அட்டையை மட்டும் அவன் பக்கம் தள்ளினாள்.

“இனி இந்தப் படி ஏறாதீங்க.”

மணி அடித்துக் கதவு சாத்திக்கொண்டது. இந்த முறை அப்பா இருமவும் இல்லை. கசங்கிய தாள் இழுப்பறையில் நூல்கண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. எறிய மனம் வரவில்லை. பிரித்துப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. பார்த்தால் வரிசையாக விலைகள் இருக்கும்... வேறென்ன இருக்கப் போகிறது.

இரண்டு வியாழன்கள் வெறுமையாகப் போயின.

மே ஒன்று, செவ்வாய். முந்தின மாலையே புதிய விலைச்சீட்டுகள் ஒட்டி, பட்டியலை வாசல் கண்ணாடியிலும் மாட்டியிருந்தாள். காலை பத்து மணிக்குத்தான் மது விற்கலாம். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது உரிம அதிகாரி திருமதி பெட்ரி குடையை மடக்கியபடி உள்ளே வந்தார்.

“பெரிய கடையை முடிச்சுட்டு நேரா இங்கதான். பயப்படாதே. எல்லாக் கடையையும் பார்க்கணும்னு உத்தரவு. ஒரு பாட்டில் கம்மியா வித்தாலும் எழுதிடுவேன், தெரியும்ல?”

“தெரியும்,” என்றாள் எய்லி. எழுதினால் உரிம வாரியம் கூப்பிடும். கூப்பிட்டால் முதல் நாளே தப்பு செய்த கடை என்று பெயர். அப்பாவின் முப்பது வருடம்...

திருமதி பெட்ரி வைன் வரிசையிலிருந்து தொடங்கினார். சின்னக் கணக்குப் பொறியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். மணி பத்து அடித்தது.

கதவு மணியும் அடித்தது. ரூரி.

ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது. பெரிய கடையின் சட்டைகூட மாற்றவில்லை. அவன் அதிகாரியைப் பார்த்தான், எய்லியைப் பார்த்தான். எதையோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டான். பிறகு நேராகச் சைடர் அலமாரிக்குப் போனான். இருந்த எட்டுக் குடுவைகளையும் இரண்டு இரண்டாகக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினான்.

“இது எல்லாம் வேணும்.”

திருமதி பெட்ரியின் தலை திரும்பியது.

படி ஏறாதே என்று சொன்னவளை, இன்றைக்குப் பார்த்து, அதிகாரி முன்னால்... கடையை மாட்டிவிட்டுப் பழிவாங்க வந்தானா. குரலைத் திடப்படுத்திக்கொண்டாள்.

“அட்டை இருக்கா?”

“இல்லை,” என்றான்.

அவள் நிமிர்ந்தாள். அவனுடைய சட்டைப்பையில் அட்டையின் விளிம்பு தெரிந்தது.

“கொண்டு வரலை,” என்றான் அவளுடைய கண்களையே பார்த்து. “அட்டை இல்லாம எனக்கு விற்க முடியாது. இல்லையா?”

“முடியாது.”

“அப்ப சரி.”

போகும்போது முன்னால் இருந்த குடுவையைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். கழுத்துச் சீட்டு இப்போது அவளைப் பார்த்தது. ஹெக்டரின் கோணல் எழுத்து. ‘புது வடிப்பு. ஏழு சதவீதம்.’

ஏழு.

அவள் ஆறுக்கல்லவா போட்டிருந்தாள். வருடக்கணக்காக அது ஆறு. போன வாரம் வந்த குடுவைகளை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு லிட்டர், ஆறு சதவீதம், ஆறு பவுண்டு. சரியான விலை ஏழு பவுண்டு. அந்த எட்டில் ஒன்றை யாருக்காவது விற்றிருந்தாலும்...

எட்டும் மேஜையில் இருந்தன. ஒன்றுகூட விற்கவில்லை.

சீட்டை மறைத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்கவில்லை. அலமாரிக்குப் போய் ஆறு பவுண்டுச் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு திருமதி பெட்ரி முன்னால் நின்றாள்.

“இதுல தப்பு பண்ணிட்டேன், மேடம். புது வடிப்பு ஏழு. பழைய கணக்கையே போட்டுட்டேன். இப்ப மாத்துறேன்.”

“எத்தனை வித்தே?”

“ஒண்ணும் இல்லை.”

அதிகாரி மேஜையைப் பார்த்தார், எட்டு என்று எண்ணினார். சாத்திய கதவையும் ஒருமுறை பார்த்தார்.

“விக்காத குடுவைக்கு நான் என்னத்தை எழுதுறது?” பேனாவை மூடினார். “அட்டை கேட்டே பாரு, அதை எழுதிக்கிறேன். அப்புறம்... அந்தத் தம்பிக்குக் கண் சரியில்லைன்னு சொல்லு. சட்டைப்பையில இருக்கிற அட்டை தெரியலையாம்.”

அவர் போனதும் எய்லி இழுப்பறையைத் திறந்தாள். கசங்கிய தாளைப் பிரித்து மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். விலைக் கட்டங்கள் எல்லாம் காலி. ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே ஒரே குறிப்பு. ‘மழை. போக முடியவில்லை.’ ‘மழை. போக முடியவில்லை.’ ஐந்து முறை.

“என்னம்மா அழுறே?” என்றார் அப்பா.

“அழலை.”

“சரி, அழலை. நான் கல்லாவைப் பார்த்துக்கிறேன். இடுப்புதான் போச்சு, கணக்கு போகலை. ஏழு பவுண்டுதானே? போ. குடை எடுத்துக்கோ.”

அவள் குடையை எடுக்கவில்லை.

ஓடைப் பாலத்தில் அவனைப் பிடித்தாள். மெல்லிய தூறல். தன்னைக் கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் அவன் நின்றான்... திரும்புவதற்கு நேரம் எடுத்துக்கொண்டான்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” அவளுக்கும் மூச்சு வாங்கியது.

“ஞாயித்துக்கிழமைச் சந்தையில ஹெக்டர்கிட்ட ஒரு குடுவை வாங்கினேன். உன்கிட்டதான் வாங்கக்கூடாதுன்னு உத்தரவாச்சே. ஏழுன்னு இருந்தது. இன்னைக்குக் காலையில வேலைக்குப் போறப்ப உன் கடைக் கண்ணாடியில ஆறு பவுண்டுன்னு பார்த்தேன். கடை திறக்கலை. அந்தம்மா எங்க கடையை முடிச்சுட்டு உன்கிட்டதான் வர்றாங்கன்னதும் ஓடி வந்தேன்.”

“போன் பண்ணியிருக்கலாமே.”

“நம்பர் குடுத்தியா நீ?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்த தாளை நீட்டினாள்.

“இதுல பொய் எழுதியிருக்கீங்க. ரெண்டு வியாழக்கிழமை நல்ல வெயில்.”

“மேனேஜர் வெளியே பார்க்கிற ஆள் இல்லை.”

“ஏன் எழுதலை?”

தூறல் அவன் இமையில் சின்னச் சின்னப் புள்ளிகளாக நின்றது. காது மடல்கள் அன்றைக்குப் போலவே சிவந்தன.

“முதல் வாரம் எழுதத்தான் வந்தேன். நீ அட்டை கேட்டுட்டு என்னைப் பார்த்தே... அப்புறம் எழுத வரலை. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, எய்லி. அந்தப் பன்னிரண்டு பாட்டிலோட நின்னியே, அன்னைக்குலேருந்து.”

எய்லி பாலத்தின் கல்லைப் பார்த்தாள். ஓடையைப் பார்த்தாள். பழக்கப்படி பார்வை தரைக்குப் போயிற்று. பிறகு மெதுவாகக் கையை நீட்டினாள்.

“அட்டை இருக்கா?”

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். அரை நிமிடம் ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று. இந்த முறை எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

“எனக்கும்தான்,” என்றாள். “அன்னைக்குலேருந்து.”

அவன் விட்ட மூச்சு அவளுக்குக் கேட்டது.

“அப்ப இனி அட்டை கேட்க மாட்டியா?”

“கேட்பேன். சட்டம் சட்டம்தான்.” அட்டையை அவன் பையில் அவளே திரும்ப வைத்தாள். “இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“வியாழன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பி நடந்தாள். “நாளைக்கே வா.”